சனிக்கிழமைப் படம்

இடது தோள் இன்னும் சரியாக வரவில்லை. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டது, இன்னொரு தடவை ரப்பரை வைத்தால் ஓட்டை விழும். என் பெண்டாட்டி சாந்தாமணி சாயங்காலம் வேலையிலிருந்து வருவதற்குள் இதை முடித்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமைக்கு ஒரு படம் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அதை ஊரறியப் போட்டுக்கொண்டதுதான் வம்பு. பம்புக் கம்பெனியில் எங்கள் டிசைன் செக்‌ஷனை இழுத்து மூடின அன்று கடைசியாக எல்லோரும் சேர்ந்து டீ குடித்தபோது, இனி என்ன பண்ணப் போறே, என்ன பண்ணப் போறே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மச்சான் கடையில் உட்காரப் போவதாகச் சொன்னார். ஒருவர் தோட்டத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். எனக்குக் கடை வைத்த மச்சானும் இல்லை, தோட்டமும் இல்லை, வாய் மட்டும் இருந்தது. வாரம் ஒரு படம் வரையப் போறேன், சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்டேட்டஸ்ல பாருங்க என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பம்பையும் வால்வையும் வரைந்து தேய்ந்த கை, இதில் ஆளையும் முகத்தையும் எங்கே வரையப் போகிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், நான் நினைத்ததும் அதுவேதான். ஆனால் அந்த வாரம் சனிக்கிழமை வந்தது, போட்டேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தது. சனிக்கிழமைக்கு இந்த ஒரு குணம் உண்டு, வேலை இருக்கிறவனுக்கும் வரும், இல்லாதவனுக்கும் வரும்.

குக்கர் இரண்டாவது விசில் அடித்துவிட்டது, மூன்றில் அணைக்க வேண்டும், பருப்பு குழைந்தால் அவளுக்குப் பிடிக்காது. அவள் சொல்ல மாட்டாள், சாப்பிடும்போது கொஞ்சமாகப் போட்டுக்கொள்வாள், அதில் தெரியும். வேலைக்குப் போன காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. என்ன போட்டாலும் தின்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். இப்போது காலையில் ஓடுவது அவள், கிராஸ்கட் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் முகத்தை அளந்து மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற வேலை. பால்கனியில் நின்று பார்க்கிறது நான். இரண்டாவது மாடி, பஸ் ஸ்டாப் ரோட்டில் எங்கள் வீட்டுப் பக்கமே இருப்பதால் அவள் ரோட்டைப் பார்த்து நிற்பாள், எனக்கு எப்போதும் முதுகுதான் தெரியும். அந்த முதுகைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொண்டேன். என்ன தைரியத்தில் எடுத்தேன் என்று தெரியவில்லை. கீரைக்காரம்மா, டீ மாஸ்டர், செருப்புத் தைக்கிறவர், கோர்ட்டு வாசலில் தூங்குகிற வக்கீல் எல்லாம் ஆயிற்று. வீட்டுக்குள் வராமல் ஊரையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது விசில். அணைத்தாயிற்று. காலையில் இதே அடுப்பின் முன்னால் நிற்கும்போதுதான் ஓசூரிலிருந்து போன் வந்தது. வால்வு செய்கிற கம்பெனி, எப்போதோ அனுப்பிவைத்த விண்ணப்பம், போனிலேயே ஒரு இன்டர்வியூவும் எடுத்திருந்தார்கள், நானே மறந்துபோனது. ஒரு பெண் பேசினாள். மிஸ்டர் நாச்சிமுத்து, நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, திங்கக்கிழமை ஜாயின் பண்ண முடியுமா, இன்னிக்கு ஈவினிங்குக்குள்ள சொல்லிடுங்க சார், அடுத்த கேண்டிடேட் வெயிட்டிங் என்றாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சாந்தாமணி அப்போது பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தாள், வீட்டில் நானும் மிக்ஸியும்தான். போன் போட்டு அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே தோளை அழிக்கிறேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறேனா? அப்படிச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? நடுவயது தாண்டின ஆளைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள், மகள் யாழினி சேலத்தில் ஹாஸ்டலில் படிக்கிறாள், சாந்தாமணி ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வேலைக்காக நான் எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருக்கிறேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் கும்பிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, சனிக்கிழமை லீவுங்களா என்றேன். இல்ல சார், சனிக்கிழமையும் ஃபுல் டே என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததில் ஒன்றும் இல்லை, வேலைக்கு வருகிறவன் முதலில் லீவைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள்.

என்னை எனக்குத் தெரியும், அதுதான் பயம். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் ஒரு படத்தைக்கூட முடித்ததில்லை. பீரோ மேலே சுருட்டிவைத்திருக்கிற தாள்களில் பாதி மாடு, பாதித் தேர், தலையில்லாத ஒரு பூக்காரி. ராத்திரி வந்து தொடங்குவேன், தூக்கம் வரும், ஞாயிற்றுக்கிழமை முடிக்கலாம் என்று வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது கல்யாணம் இருக்கும். எங்கள் தொழிலிலேயே முடிந்தது என்று ஒன்று கிடையாது. டிராயிங்கை வரைந்து செக்கரிடம் கொடுப்போம். சரியான அளவின் மேல் அவர் மஞ்சள் பென்சில் தீட்டுவார், தப்பான அளவைச் சிவப்பில் சுழிப்பார், மறுபடி வரைவோம், மறுபடி போகும். எங்கள் செக்கர் குழந்தைவேல் அண்ணன் சிவப்புப் பென்சிலைத்தான் காதில் சொருகியிருப்பார், மஞ்சள் மேஜை டிராயருக்குள் கிடக்கும். அப்படி வளர்ந்த கை, யாரும் மஞ்சள் தீட்டாமல் ஒன்றை வெளியே விடத் தெரியாத கை. வேலை போன பிறகுதான் அந்தக் கை முதல் தடவையாக ஒன்றை முடித்தது. முடித்து, கீழே பேரைப் போட்டு, சரியோ தப்போ இந்தாங்க என்று வெளியே விட்டது. அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் வீட்டுக்குள்ளேயே நடந்த நடையை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நடை இன்னொரு தடவை வேண்டும், ஒவ்வொரு வாரமும் வேண்டும். வேலை வேண்டும், அதுவும் வேண்டும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. ஓசூரில் ஒரு அறை எடுத்து, நாலு பேரோடு தங்கி, வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது இந்தக் கை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லும்.

துணி காய்ந்திருக்கும். பால்கனிக்குப் போய் எடுக்கிறேன், அவளுடைய கடைச் சீருடை, நீல ஜாக்கெட், இதன் இடது தோளில் பை வாரை மாட்டி மாட்டித் துணி பளபளத்துத் தேய்ந்திருக்கிறது. இதை மடித்து வைக்கிறபோதெல்லாம் பார்த்திருக்கிறேன், பார்த்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, மத்தியானம் மாற்றிக்கொள்ளச் செருப்பு எல்லாம் அந்தப் பையில்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுடைய இடது தோள் வலதைவிட ஒரு கையகலம் இறங்கி நிற்கும். அதை என் கை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. கை தானாக நிமிர்த்திவிடுகிறது. எங்களுக்கெல்லாம் முதலில் நடுக்கோடு, அப்புறம் பாதி உடம்பு, கம்ப்யூட்டரில் மிரர் என்று ஒரு கட்டளை கொடுத்தால் மறுபாதி தானாக வந்துவிடும். பம்புக்கு அது போதும். முதல் வாரம் டீ மாஸ்டரைப் போட்டபோது அந்தப் பழக்கத்தில் பாதி முகத்தை வரைந்து, அதையே திருப்பிப் பார்த்து மறுபாதியை வரைந்து, நடுக்கோட்டை அழிக்கவும் மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன். குழந்தைவேல் அண்ணன் பதில் போட்டார், “ஏப்பா, இது ஆளா பம்பா?” என்று. ஊரே சிரித்தது. சாந்தாமணியிடம் அதைச் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. யாருக்குமே ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்காதுங்க, அதனாலதான் கண்ணாடிக் கால வளைச்சுக் குடுக்கறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். படத்தைப் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று போனிலேயே பேர் வரும், ஒவ்வொரு வாரமும் அதை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். கேஸ் ஏஜென்சிக்காரர் பார்க்கிறார். மூடிப்போன செக்‌ஷனில் என்னோடு பேசாதவன்கூடப் பார்க்கிறான். யாழினி பார்க்கிறாள், பார்ப்பதற்கு முன்னாலேயே இதயம் போட்டுவிடுவாள் என்று எனக்குச் சந்தேகம். சாந்தாமணி என்ற பேர் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு நாள் முழுக்க அது இருக்கும், அப்புறம் தானாக மறைந்துபோகும், மறைகிற நேரம் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், தாளையே எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் நன்றாக இருக்கிறது என்பாள். கேட்டு வாங்கின வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவளாக வந்து பார்க்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். இதை வெளியே சொன்னால் சின்னப் பிள்ளை என்பார்கள். சொல்லட்டும். நாடே பார்த்தாலும் அவள் பார்க்காத படம் பார்க்காத படம்தான்.

மணி ஆகிறது. தோளை இறக்கிவிட வேண்டியதுதான், ஆனால் இறக்கினால் எல்லோரும் பார்ப்பார்களே. நிமிர்ந்த முதுகைப் போட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண், அவ்வளவுதான். இறங்கின தோளைப் போட்டால், வீட்டில் ஒருத்தன் சும்மா உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருக்கிறான், அவன் பெண்டாட்டி சுமக்கிறாள் என்று அதைப் படிக்கத் தெரிந்தவன் படித்துவிடுவான். குழந்தைவேல் அண்ணன் படித்துவிடுவார், அளவைப் பார்த்தே எடையைச் சொல்கிற மனிதர். அவரை விடு, அவள் பார்த்தால்? அவள்தான் பார்ப்பதில்லையே. பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் முதுகை வரைகிறேன் போலிருக்கிறது. முகத்தை ஏன் வரையவில்லை என்று கேட்டால் என்ன சொல்வேன். தெரியாது என்பேனா? இருபத்திரண்டு வருஷம் பார்த்த முகம். ஆனால் கண்ணை மூடினால் வருகிறது எல்லாம் பழைய முகம், கல்யாணப் போட்டோவில் வியர்த்துக்கொண்டு நிற்கிற முகம், யாழினி பிறந்தபோது கட்டிலில் பார்த்த முகம். இப்போதைய முகம் வர மாட்டேன் என்கிறது. வேலை போன நாளிலிருந்து நான் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை, உண்மை அதுதான். தோசை போடும்போது தட்டைப் பார்க்கிறேன், பேசும்போது டிவியைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாளா என்று தெரிந்துகொள்ளக்கூட நிமிர்ந்து பார்க்கப் பயம். அவள் திரும்பி நின்ற பிறகுதான் கண் நிறையப் பார்க்கிறேன், இரண்டாவது மாடியிலிருந்து, திருடன் மாதிரி. பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு இப்படி ஏங்குகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பென்சிலை எடுத்தேன். தோள் எங்கே இருக்கிறதோ அங்கேயே கோட்டை இழுத்தேன். பையின் வார் எங்கே அழுத்துகிறதோ அங்கே அழுத்தினேன். தாள் கிழியவில்லை.

பேரைப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, அனுப்பிவிட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். நடக்கத் தொடங்கினேன். ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஹால். அனுப்பியாயிற்று, இந்த வாரம் முடிந்தது, இந்த வாரத்தோடு எல்லாமே முடிகிறதா? ஓசூருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, அந்தப் பெண் ஆபீஸைவிட்டுக் கிளம்பிவிடுவாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள், கூப்பிட்டால் நல்லதா? அட கிறுக்கா. நான் பாட்டுக்குச் சும்மா இருந்தேன், அது தானாகக் கைவிட்டுப் போய்விட்டது என்று இருந்துவிடலாம் என்று எனக்குள் ஒருத்தன் சொல்கிறான், அவனை எனக்குத் தெரியும், பாதி மாடு வரைந்தவன் அவன்தான். போனை எடுத்துப் பார்த்தேன். கேஸ் ஏஜென்சிக்காரர் பார்த்துவிட்டார். யாழினியின் இதயம் வந்துவிட்டது. குழந்தைவேல் அண்ணன் பார்த்திருக்கிறார், ஆனால் ஒன்றும் எழுதவில்லை. எப்போதும் ஏதாவது ஒரு தப்பாவது எழுதுகிற மனிதர். தப்பு இல்லாததால் எழுதவில்லையா, எழுத மனசில்லாமல் விட்டாரா? தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சாந்தாமணி பேர் இல்லை.

கதவு திறந்தது. செருப்பைக் கழற்றுகிற சத்தம், பையைச் சோபாவில் வைக்கிற சத்தம். நான் பழக்கப்படி டிவியைப் பார்த்தேன், டிவி ஓடவில்லை. அவள் அடுப்படிக்குப் போகவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கு எதிரில் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் அப்பிடியாங்க நிக்கறேன்?” என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. எப்பப் பாத்தே என்று கேட்டேன். பஸ்ஸில் வரும்போதே பார்த்தாளாம். பேர் வரவில்லையே என்றேன், இத்தனை வாரமும் உன் பேர் வரவே இல்லையே என்றேன், என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கடை மேனேஜர் அனுப்புகிறதைப் படித்தால் உடனே அவனுக்குத் தெரிந்து, ஏன் பதில் போடவில்லை என்று கேட்கிறானாம், அதனால் நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறாளாம். அதை அணைத்தால் ஸ்டேட்டஸ் பார்த்தாலும் பேர் வராதாம். எனக்கு இது தெரியாது, பம்பு வரைகிறவனுக்கு எப்படித் தெரியும். எல்லாத்தையும் பார்த்திருக்கிறாள். கீரைக்காரம்மாவின் காதில் நான் போட்டிருந்த தோட்டைப் பற்றிச் சொன்னாள். வக்கீல் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைக் கடையில் எல்லோருக்கும் காட்டினாளாம். அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லோணும்னுதான் வருவேன். சொன்னா, வேலை தேடறத விட்டுப்போட்டு இதுலயே உக்காந்துக்குவீங்களோன்னு பயம்,” என்றாள். “எனக்குத் தோள் வலிக்குதுங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நெற்றியில் எனக்குத் தெரியாத ஒரு கோடு புதிதாக வந்திருந்தது. முன்பு கன்னம் இருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது. பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், ஓசூர்ல இருந்து கூப்பிட்டாங்க, திங்கக்கிழமை வரச் சொல்றாங்க என்று. அவள் முகம் ஒன்றும் செய்யாமல் இருக்கப் பார்த்தது. ஆனால் முடியவில்லை. நெற்றிக் கோடு கரைந்தது, உதடு நடுங்கியது, கண் பெரிதாகிப் பளிச்சென்று ஆனது, அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை மாதமாக நான் தேடின முகம் இதுதான், நான் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் அது வந்தது. கோபம் வரவில்லை. வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. திரும்பு சாந்தா என்றேன். திரும்பினாள்.

“அப்பச் சனிக்கிழமை?” என்றாள்.

சனிக்கிழமையும் வேலையாம் என்றேன். அறையில் நாலு பேர் இருப்பார்கள் என்றேன், மேஜை இருக்குமோ என்னவோ என்றேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சனிக்கிழமை படம் வரலீன்னா உங்களுக்கு ஒடம்பு செரியில்லீன்னு நெனச்சுக்குவேன். பஸ் ஏறி வந்துருவேன்,” என்றாள்.

ஓசூர் நம்பரைத் தேடி எடுத்து அழுத்தினேன். மணி அடித்தது. அந்தப் பெண் இன்னும் ஆபீஸில் இருக்க வேண்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். அவள் எடுக்கிற வரைக்கும் சாந்தாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவம், வலது புருவம், மூக்கின் மேல் வியர்வை, உதட்டு ஓரம் என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தேன், அங்கே போய்ப் பார்க்காமலே வரைய வேண்டும்.